கோடும் குறிப்பும்: போரால் பாதிக்கப்பட்ட இளையோரின் ஓவிய முகாம்கள் – ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

போரின் நடுவே வாழ நேர்ந்த சிறுவரும் பதின்பருவத்தினரும் வரைந்த ஓவியங்கள் இருபதாம் நூற்றாண்டில் பெருந்தொகையாகத் திரட்டப்பட்டன. அவை காட்சிக்கு வைக்கப்பட்டும், நூலாக அச்சிடப்பட்டும், உளநல ஆவணங்களாகக் கொள்ளப்பட்டும் பல நாடுகளில் பரவின. அவற்றுடன் ஒரு கருத்தும் சேர்ந்து பரவியது. ஓவியம் எல்லா மக்களுக்கும் பொதுவான மொழி, அதனைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை என்பதே அக்கருத்து. இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதனை மொழி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு மூன்று களங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. முதலாவது, ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1936–1939) அமைந்த சிறார் குடியிருப்புகள். இரண்டாவது, நாஜிகள் அமைத்த தெரெசின் கெட்டோவில் 1942 முதல் 1944 வரை நடைபெற்ற ஓவிய வகுப்புகள். மூன்றாவது, இலங்கையின் மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காலத்தாலும் இடத்தாலும் இவை வேறுபட்டவை. எனினும், மூன்றிலும் ஓவியத்தோடு சொல்லும் உடனிருந்தது. ஒரு களத்தில் அது படத்தின் பின்புறத்துக் குறிப்பு, மற்றொன்றில் கையொப்பம், மூன்றாவதில் இரு சமூகத்தாரும் பேசும் பொதுமொழி. படம் பின்னாளில் எவ்வாறு பயன்படுத்தப்படும், வரைந்தவர் அறியப்படுவாரா மறைக்கப்படுவாரா என்பனவற்றை இச்சொல்லே பெரிதும் முடிவு செய்தது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

1. கலைச்சொற்களின் பின்னணி

1.1 சிகிச்சையும் ஆற்றுப்படுத்தலும்

கலையைச் சிகிச்சையாகக் கருதும் ஆங்கிலத் தொடரை 1942-இல் உருவாக்கியவராகப் பிரித்தானிய ஓவியர் ஏட்ரியன் ஹில் குறிப்பிடப்படுகிறார். காசநோயால் 1938-இல் மிட்ஹர்ஸ்ட் நகர நலவிடுதியில் தங்கியிருந்த அவர், ஓவியம் வரைவது தம் மீட்சிக்கு உதவியதை உணர்ந்து, பிற நோயாளிகளுக்கும் போரில் காயமுற்ற வீரர்களுக்கும் அதனை அறிமுகம் செய்தார். அவருடைய நூல் 1945-இல் வெளிவந்தது. ஆகவே இத்தொடர் போர்க்காலத்தில் பிறந்ததாயினும், அதன் தாயகம் மருத்துவமனையேயாகும். நோய், நோயாளி, குணம் என்னும் கருத்துகள் அதனுள் அடங்கியிருக்கின்றன.

தமிழில் இதற்கு ஓவியச் சிகிச்சை, கலைவழி மருத்துவம், கலைவழி ஆற்றுப்படுத்தல் முதலிய தொடர்கள் வழங்குகின்றன. முதலிரண்டும் மருத்துவமனையை நினைவூட்டுவன. மூன்றாவது வேறு திசையில் செல்வது. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை முதலாக ஐந்து பாடல்கள் ஆற்றுப்படை வகையின. புலவர், பாணர் முதலியோர்க்குரிய ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவரை வழிப்படுத்துகிறார். ஆறு என்பது அங்கு வழி. இக்காலத் தமிழரின் செவியிலோ புண் ஆறுதல், துயர் ஆற்றுதல் என்னும் வினைகளும் உடன் ஒலிக்கின்றன. வழிகாட்டுதல், தணித்தல் என்னும் இரு பொருளும் ஒரு சொல்லில் கூடி நிற்பதால், உளநலத் துறையில் இச்சொல் எளிதில் வேரூன்றியது எனலாம்.

1.2 முகாம்

அரபு மொழியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த முகாம் என்னும் சொல் தங்குமிடம் என்னும் அடிப்படைப் பொருளையுடையது. இன்றைய தமிழில் இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம், கண்சிகிச்சை முகாம், ஓவிய முகாம் எனப் பல தொடர்களில் அது பயில்கிறது. போரால் இடம்பெயர்ந்த ஓர் இளைஞரை ஓவிய முகாமுக்கு அழைக்கும்போது, அவர் ஏற்கெனவே அறிந்த வேறு முகாம்களின் நினைவும் அச்சொல்லோடு வருகிறது. மட்டக்களப்பில் பூங்கா என்னும் சொல் தேர்ந்துகொள்ளப்பட்டமை இந்நோக்கில் கவனிக்கத்தக்கது.

1.3 பதின்பருவம்

ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரையுள்ள எண்ணுப்பெயர்களின் ஈற்றைக்கொண்டு இப்பருவத்தின் பெயர் அமைந்தது. தமிழில் பதின் என்னும் முன்னொட்டு அதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டில் வளரிளம் பருவம் என்றும், இலங்கையில் கட்டிளமைப் பருவம் என்றும் வழங்குவதுண்டு. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்டோரைச் சிறார் என வரையறுக்கிறது. போர்க்கால ஓவியத் தொகுப்புகள் பெரும்பாலும் குழந்தை ஓவியங்கள் என்றே பெயர்பெற்றன. ஆறு வயதுச் சிறுமியின் வீட்டுப் படமும், தந்தையை இழந்து தங்கையரைக் காக்கும் பொறுப்பேற்ற பதினான்கு வயதுச் சிறுவனின் படமும் ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டன. இதனால் மூத்தோரின் படங்களில் காணப்படும் திட்டமிட்ட கூற்று, பல வேளைகளில் கள்ளமற்ற உணர்வின் வெளிப்பாடாகவே கொள்ளப்பட்டது.

2. முன்வரலாறு: வியன்னா

சிறார் ஓவியத்தைத் தனிமதிப்புடைய கலையாகக் கருதும் போக்குக்கு வியன்னா நகரத்து ஃபிரான்ஸ் சிசெக் முன்னோடி. அவர் 1897-இல் சிறார்க்கான ஓவிய வகுப்பைத் தொடங்கினார். முதல் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரியாவில் பசியும் நோயும் பெருகியிருந்த வேளையில், அங்கு நிவாரணப் பணி செய்த ஆங்கிலப் பெண்மணி ஃபிரான்செஸ்கா வில்சன், சிசெக் மாணவர்களின் ஓவியங்களைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்று 1920-இல் காட்சிக்கு வைக்க வழிசெய்தார். போரால் வாடிய சிறார்க்கு நிதி திரட்டுவது அக்காட்சியின் நோக்கங்களுள் ஒன்று.

இவ்வகுப்பறையிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒன்று வில்சன் வழியாக ஸ்பெயினை அடைந்தது. அவர் 1937-இல் முர்சியா நகரில் அகதிச் சிறார்க்கிடையே பணியாற்றினார். மற்றொன்று ஃபிரீடல் டிக்கர் என்னும் மாணவி வழியாகத் தெரெசினை அடைந்தது. நிதிக்காகக் காட்சிப்படுத்துதல், மீட்சிக்காக வரைதல் என்னும் இரு நோக்கங்கள் இவ்வரலாறு முழுவதும் அருகருகே செல்வதற்கு இப்பொதுத் தோற்றுவாய் ஒரு காரணம்.

3. ஸ்பெயின்: படத்தின் பின்புறத்துச் சொற்கள்

3.1 கொலோனியா

ஸ்பெயினில் 1936 சூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. மத்ரீத் உள்ளிட்ட நகரங்கள் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, குடியரசு அரசு ஆயிரக்கணக்கான சிறாரைக் கிழக்குக் கடற்கரைப் பகுதிகளுக்கு அனுப்பியது. அவர்கள் தங்கவைக்கப்பட்ட இடங்கள் கொலோனியா எனப்பட்டன. இச்சொல்லைக் காலனி என்றோ குடியேற்றம் என்றோ தமிழாக்குவது பொருளைத் திரித்துவிடும். சூரிச் நகரில் 1876-இல் வால்டர் பியோன் என்னும் பாதிரியார், ஏழை மாணவர்களை விடுமுறையில் மலைப்பகுதிக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கினார். இதனைப் பின்பற்றி 1887-இல் மனுவேல் பார்த்தலோமே கொஸ்ஸியோ ஸ்பெயினில் முதல் பள்ளி விடுமுறைக் குடியிருப்பை அமைத்தார். போர்க்காலத்துக் கொலோனியா இம்மரபின் தொடர்ச்சி. விடுமுறைக்கு உரிய சொல் வெளியேற்றத்துக்கும் வழங்கியதால், இடப்பெயர்வின் கடுமை ஓரளவு மறைந்தது. அதே வேளையில் ஆசிரியர், பாடம், விளையாட்டு, ஓவியம் என்னும் ஒழுங்கும் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது.

3.2 ஓவியங்களும் அவற்றின் பயணமும்

இக்குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் வரையப்பட்ட படங்களில் குண்டுவீசும் விமானங்கள், இடிந்த வீடுகள், புகைவண்டியிலும் கப்பலிலும் வெளியேறும் மக்கள், குடியிருப்பின் உணவுக்கூடம், விளையாட்டு ஆகியன மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. பன்னாட்டுப் படையணியின் பின்புலத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் பிராவுனர், ஃபிரான்சுவாஸ் பிராவுனர் இணையர் இத்தகைய ஓவியங்களைத் திரட்டியோருள் முக்கியமானவர்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஓவியங்களிலிருந்து 60 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு 1938-இல் ஒரு நூல் வெளிவந்தது. இன்னும் அவர்கள் படம் வரைகிறார்கள் என்னும் பொருள்படும் தலைப்பையுடைய அந்நூலுக்கு எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி முன்னுரை வழங்கினார். ஸ்பானியச் சிறார்க்கு உணவு வழங்க நிதி திரட்டுவது அதன் நோக்கம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ நூலகத்தில் இன்று 600-க்கும் மேற்பட்ட ஸ்பானியச் சிறார் ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

தலைப்பில் உள்ள இன்னும் என்னும் இடைச்சொல் ஆராயத்தக்கது. இத்தனைக்கும் பிறகும் வரைகிறார்களே என்னும் வியப்பு அதில் உள்ளது. அவ்வியப்பு வரைந்தவருடையதன்று, தொலைவிலிருந்து பார்க்கும் பெரியவருடையது. ஒரு சொல்லால் படங்களைக் காணும் கோணம் முன்னரே அமைக்கப்பட்டுவிடுகிறது.

3.3 குறிப்புகளின் மதிப்பு

பல படங்களின் பின்புறத்தில் வரைந்தவரின் பெயர், வயது, குடியிருப்பின் பெயர், படம் காட்டும் நிகழ்ச்சி ஆகியன எழுதப்பட்டுள்ளன. இக்குறிப்பின்றிப் படத்தைப் படிப்பது கடினம். சான்றாக, ஸ்பானிய மொழியில் ரெஃபூகியோ என்னும் சொல் புகலிடம் எனப் பொதுவாகப் பொருள்படும். போர்க்கால வழக்கில் அது வான்தாக்குதலின்போது ஒதுங்கும் பதுங்குமிடத்தைக் குறித்தது. அகதியைக் குறிக்கும் சொல்லும் அதே அடியிலிருந்து பிறந்தது. கதவை நோக்கி மக்கள் ஓடும் படத்தின் கீழ் இச்சொல் இருந்தால், அதனை அகதி விடுதி என மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிடத்து அச்சத்தைப் பல மாத வாழ்க்கையாக மாற்றிவிடுகிறார்.

எழுத்துப்பிழைகளும் இங்ஙனமே கருதத்தக்கவை. ஸ்பானிய மொழியில் b, v என உரோமன் வரிவடிவில் எழுதப்படும் இரண்டும் ஒரே ஒலியன் ஆகையால், எழுதப் பழகும் சிறார் அவற்றை மயங்கி எழுதுவது இயல்பு. இத்தகைய பிழை, வரைந்தவர் தாமே எழுதினார் என்பதற்குச் சான்றாகிறது. பிழையற்ற, ஒழுங்கான கையெழுத்து ஆசிரியரின் கையாக இருக்கக்கூடும். பிழையைத் திருத்திச் செவ்விய நடையில் மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

போருக்கு முன், போரில், போருக்குப் பின் என மூன்று நிலைகளை வரையுமாறு சிறார் கேட்கப்பட்டதும் உண்டு. எனவே இப்படங்கள் தாமாகப் பீறிட்டெழுந்தவை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. அவை ஒரு வினாவுக்குத் தரப்பட்ட விடைகளும் ஆகும். வினாவை நீக்கிவிட்டு விடையை மட்டும் காட்சிக்கு வைக்கும் வழக்கம் ஸ்பெயினோடு நின்றுவிடவில்லை.

4. தெரெசின்: கையொப்பம்

4.1 ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ்

வியன்னாவில் 1898-இல் பிறந்த ஃபிரீடல் டிக்கர், சிசெக்கின் வகுப்பிலும் பின்னர் யோஹான்னஸ் இட்டனிடமும் பயின்றார். இட்டனைத் தொடர்ந்து 1919-இல் வைமர் நகரத்துப் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். பொதுவுடைமை இயக்கச் சார்பினால் 1934-இல் கைதாகி, விடுதலைக்குப் பின் பிராகா சென்று, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்தோரின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1936-இல் பாவெல் பிராண்டைஸை மணந்தார். 1942 திசம்பரில் கணவருடன் தெரெசினுக்கு அனுப்பப்பட்டார்.

தெரெசின் 1780-இல் கட்டத் தொடங்கப்பெற்ற கோட்டை நகரம். அதனை நாஜிகள் 1941 நவம்பரில் யூதர்களுக்கான கெட்டோவாக மாற்றினர். அங்கிருந்து தொடர்வண்டிகள் கிழக்கே கொலைமுகாம்களுக்குச் சென்றன. முறையான பள்ளிக்கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. எனினும் வயது, பால் வாரியாக அமைந்த சிறார் இல்லங்களில் பெரியவர்கள் மறைவாகப் பாடம் நடத்தினர். ஓவிய வகுப்பும் அவ்வில்லங்களில் நடைபெற்றது.

டிக்கர்-பிராண்டைஸ் அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த தாள்களின் பின்புறத்தில் வரையச் செய்தார். சந்தத்துக்கேற்பக் கோடிழுத்தல், வண்ணத்தாள் ஒட்டுதல், பழைய ஓவியர்களின் படைப்புகளைப் பார்த்து வரைதல் ஆகியன அவருடைய பயிற்சிகள். அவருடைய தாய்மொழி ஜெர்மன். மாணவர் பலர் செக் மொழியினர். தாளமும் கோடும் அவ்வகுப்பில் மொழி இடைவெளியைக் கடக்க உதவின என்பதில் ஐயமில்லை. சிறார் ஓவியத்தின் பொருள் குறித்து அவர் 1943-இல் கெட்டோவிலேயே ஓர் உரையும் நிகழ்த்தினார்.

4.2 காண்பதை வரைதலும் பிறவற்றை வரைதலும்

அவருடைய மாணவர்களின் படங்களில் பூக்கள், வீடுகள், பயணங்கள், விழாநாட்கள் ஆகியன மிகுதி. கெட்டோவின் கொடுமையை நேரே காட்டுவன குறைவு. இதற்கு மாறான வழியும் அங்கு இருந்தது. 1929-இல் பிறந்த ஹெல்கா வைஸொவா தெரெசினுக்கு வந்தபின் பனிமனிதன் படமொன்றை வரைந்து, ஆண்கள் பாசறையிலிருந்த தந்தைக்கு மறைவாக அனுப்பினார். கண்ணால் காண்பதை வரையுமாறு தந்தை அறிவுறுத்தினார். அதன்பின் அவர் உணவுக்கு நிற்கும் வரிசையையும், நெருக்கமான படுக்கைகளையும், தொடர்வண்டிக்குச் செல்லும் மக்களையும் வரைந்தார். போரில் பிழைத்த அவர் பின்னாளில் ஓவியரானார்.

காண்பதை வரைந்தவர் சாட்சியானார். பூவை வரைந்தவர், வரையும் நேரத்தில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். முன்னதை ஆவணம் என்றும் பின்னதைச் சிகிச்சை என்றும் பிற்காலத்தார் வகைப்படுத்துவர். பதின்பருவத்து ஒருவர்க்கு இவ்விரண்டில் எது வேண்டும் என்பதனை முன்கூட்டிக் கூற இயலாது என்பதே தெரெசின் தரும் படிப்பினை.

இல்லம் எண் ஒன்றில் வாழ்ந்த 13 முதல் 15 வயதுவரையான சிறுவர்கள் 1942 திசம்பர் முதல் 1944 வரை வெதெம் என்னும் கையெழுத்து வார இதழைச் செக் மொழியில் நடத்தினர். 1928-இல் பிறந்து 1944-இல் கொல்லப்பட்ட பீட்டர் கின்ஸ் அதன் ஆசிரியர். வெதெம் என்பதற்கு நாங்கள் முன்நடத்துகிறோம் என்பது பொருள். ஏறத்தாழ 800 பக்கங்கள் பிழைத்துள்ள அவ்விதழில் ஓவியமும் உரைநடையும் பாட்டும் நகையும் கலந்துள்ளன. தாமே வழிநடத்துவோர் எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டவர்களின் எழுத்தைக் குழந்தைகளின் மழலையாக மொழிபெயர்த்தல் ஆகாது.

4.3 பெயர் எழுதுதல்

மாணவர்கள் தம் படத்தில் தம் பெயரை எழுதவேண்டும் என்பது டிக்கர்-பிராண்டைஸின் வகுப்பு நெறி. பெயரோடு இல்ல எண்ணும் பல படங்களில் காணப்படுகிறது. கெட்டோவின் பதிவேடுகளில் ஒவ்வொருவரும் தொடர்வண்டி எண்ணாகவே குறிக்கப்பட்ட சூழலில் இந்நெறி சிறப்பிடம் பெறுகிறது. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். புறப்படுமுன் ஓவியங்கள் இரு பெட்டிகளில் வைக்கப்பட்டன. பெண்கள் இல்லப் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோவாக் 1945-இல் அவற்றைப் பிராகாவிலிருந்த யூதச் சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இன்று பிராகாவிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டனர். கையொப்பத்தைப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டே ஒவ்வொரு படத்துக்கும் உரியவர் யார் என்பது அறியப்பட்டது. கோடுகளை மட்டும் கொண்டு இதனை அறிந்திருக்க இயலாது.

4.4 தலைப்பு மாற்றம்

இத்தொகுப்பிலிருந்து தேர்ந்த ஓவியங்களும் பாடல்களும் 1959-இல் பிராகாவில் நூலாயின. செக் தலைப்பு, சாவை நோக்கிய வழியில் ஒரு நிறுத்தத்தில் வரைந்த சிறார் ஓவியங்கள் எனப் பொருள்படும். ஆங்கிலப் பதிப்புக்கோ, அதிலுள்ள ஒரு பாடலையொட்டி, வண்ணத்துப்பூச்சியைக் காணாமையைக் கூறும் தலைப்பு இடப்பட்டது. செக் தலைப்பு இடத்தையும் முடிவையும் வெளிப்படையாகக் கூறுகிறது. ஆங்கிலத் தலைப்பு உருவகமாகக் கூறுகிறது. ஆங்கிலப் பதிப்பின் வழியே உலகெங்கும் வண்ணத்துப்பூச்சி இச்சிறாரின் அடையாளமாயிற்று. அப்பாடலை 1942 சூனில் எழுதிய பாவெல் ஃபிரீட்மன் 1921-இல் பிறந்தவர். எழுதியபோது அவருக்கு வயது 21. குழந்தைப் பாடல் என இன்றும் பலரால் கருதப்படும் பாடலை இயற்றியவர் பதின்பருவத்தையும் கடந்த இளைஞர் என்பது, தலைப்பும் தொகுப்பும் எழுதியவரின் வயதையே மாற்றிக் காட்டவல்லன என்பதற்குச் சான்று.

5. சிகிச்சைக் கோட்பாட்டின் இரு பிரிவுகள்

டிக்கர்-பிராண்டைஸிடம் வியன்னாவில் பயின்று, பிராகாவில் அவருடைய வகுப்புகளில் உதவிய ஈடித் கிராமர் (1916–2014) 1938-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க் மாநிலத்தில், வாழ்வில் இடர்ப்பட்ட சிறுவர்க்கான வில்ட்விக் பள்ளியில் 1950-களில் பணியாற்றி, அவ்வனுபவத்தை 1958-இல் நூலாக வெளியிட்டார். படைக்கும் செயலே மனத்தைச் சீர்செய்யும் என்பது அவர் கொள்கை. இத்துறையின் மற்றொரு முன்னோடியான மார்கரெட் நாம்பர்க், ஓவியத்தை உளப்பகுப்பாய்வுக்குத் துணைசெய்யும் குறியீட்டுப் பேச்சாகக் கருதினார். வரைந்தவர் தம் படத்தைப் பற்றித் தாமே பேசுவதற்கு அவர் முதன்மை தந்தார்.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்புக்கு நேரடித் தொடர்புடையது. கிராமரின் நெறியில் படம் முற்றுப்பெற்ற படைப்பு. அதனைச் சொல்லாக மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. நாம்பர்க்கின் நெறியில் படம் சொல்லுக்கு வாயில். அங்கு வரைந்தவரின் மொழியை அறியாத ஆற்றுப்படுத்துநர் மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தே நிற்பார். வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து நடத்தும் போர்க்கால முகாம்களில், மொழி அறியாமையாகிய நடைமுறைத் தடையினாலேயே ஓவியம் பொதுமொழி என்னும் கருத்து வலுப்பெற்றதோ என ஐயுற இடமுண்டு.

6. மட்டக்களப்பு: பொதுமொழியின் இடம்

6.1 பூங்கா

இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 முதல் 2009 வரை நீடித்தது. கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இரு சமூகத்தாரின் தாய்மொழியும் தமிழே. 1990-இல் நிகழ்ந்த படுகொலைகள் அவர்களிடையே ஆழ்ந்த பிளவை ஏற்படுத்தின. இச்சூழலில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம், கனடிய ஓவியர் போல் ஹோகன் முதலியோரின் முயற்சியால் 1996-இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பெற்றது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் போர்க்களச் சிறாரின் நலம் குறித்து மேற்கொண்ட பணி இதற்குப் பின்னணியாக அமைந்தது.

இந்து, கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்டு, வாரந்தோறும் ஒரு நாளாகப் பல மாதங்கள் தொடர்ந்து பங்கேற்றனர். ஓவியம், களிமண் வேலை, கதை, நாடகம், இசை, தோட்ட வேலை ஆகியன நடைபெற்றன. அவற்றை நடத்தியவர்கள் போரை நேரில் அறிந்த உள்ளூர் இளைஞர்களே. பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை மரபோடு இவ்வமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது.

இங்கு ஓவியம் மொழித்தடையைக் கடக்கும் கருவியாக வேண்டியிருக்கவில்லை. பிரிந்து நின்ற பிள்ளைகள் ஒரே மொழியினர். ஒரே மொழியைப் பேசியும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தமையே அங்குள்ள சிக்கல். அருகருகே அமர்ந்து ஒரே சுவரில் வரையும்போது, வண்ணத்தைக் கேட்டு வாங்கவும் இடம் விடச் சொல்லவும் பேச நேர்கிறது. ஓவியத்தின் பொருளைக் காட்டிலும் ஓவியத்தைச் சுற்றி எழும் இப்பேச்சே அங்குப் பயன் விளைத்தது எனலாம்.

6.2 மனவடு

இதே காலத்தில் இலங்கைத் தமிழில் உளநலக் கலைச்சொற்கள் பல உருவாயின. ஆற்றுப்படுத்தல், உளவளத்துணை, சீர்மியம், நெருக்கீடு ஆகியன அவற்றுட் சில. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் வழியே மனவடு என்னும் சொல் நிலைபெற்றது. மூலமான கிரேக்கச் சொல் புண்ணைக் குறிப்பது. தமிழ்ச் சொல்லோ புண் ஆறியபின் நிற்கும் தழும்பைக் குறிப்பது. திருக்குறளின் 129-ஆம் பாடல் தீயால் நேரும் புண்ணையும் நாவால் நேரும் வடுவையும் வேறுபடுத்துவதைத் தமிழறிந்தோர் நினைவுகூர்வர். புண் எனின் மருந்திட்டு ஆற்றலாம். வடு எனின் அதனோடு வாழப் பழகவேண்டும். எனவே மனவடு என்னும் சொல்லைத் தேர்ந்த மொழி, முழுக் குணம் என்னும் வாக்குறுதியைத் தானாகவே தவிர்த்துக்கொள்கிறது. பேரிழப்புற்ற இளையோரிடம் இச்சொல் நேர்மையாக ஒலிக்கிறது.

7. பிற்கால வளர்ச்சி: சான்றும் எச்சரிக்கையும்

முன்னாள் யுகோஸ்லாவியச் சிறாரின் எழுத்தும் ஓவியமும் அடங்கிய தொகுப்பை யூனிசெஃப் 1994-இல் வெளியிட்டது. அப்போரின்போதே, முன்னர் செர்போ-குரோவாசியம் என வழங்கிய மொழி போஸ்னியம், குரோவாசியம், செர்பியம் எனத் தனித்தனிப் பெயர்களைப் பெற்று வந்தது. ஒரு படக்குறிப்பு எம்மொழியில் உள்ளது எனக் குறிப்பிடுவதே ஒரு பக்கச் சார்பாகக் கருதப்படக்கூடிய நிலை அங்கு இருந்தது.

சாட் நாட்டு அகதி முகாம்களில் தார்ஃபூர்ச் சிறார் வரைந்த சுமார் 500 ஓவியங்கள் 2007-இல் திரட்டப்பட்டு, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தால் சூழல்சார் சான்றாக ஏற்கப்பட்டன. நிதி திரட்டும் காட்சிப்பொருளாகத் தொடங்கிய சிறார் ஓவியம் இவ்வாறு நீதிமன்றத்தை எட்டியது. சான்றாகும்போது வரைந்தவர் யார், என்ன கேட்கப்பட்டது, எம்மொழியில் விளக்கினார் என்னும் வினாக்கள் தவிர்க்க இயலாதனவாகின்றன.

இதே காலத்தில் எச்சரிக்கைகளும் எழுந்தன. போர்ப்பகுதிகளில் நடத்தப்படும் உளநலத் திட்டங்கள் மேலைநாட்டு நோய்க்கருத்துகளை எல்லோர்க்கும் பொதுவாகக் கொள்வதை டெரெக் சம்மர்ஃபீல்ட் 1999-இல் கடுமையாக விமர்சித்தார். நெருக்கடிக்கால உளநலப் பணிக்கென ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், துன்ப நிகழ்ச்சிகளை விவரிக்குமாறு ஒருவரையும் வற்புறுத்தலாகாது என்பதை வலியுறுத்தின. வண்ணங்களைப் படிப்பதிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். கருமை துயர், வெண்மை தூய்மை என்னும் பட்டியல், வெள்ளாடை கைம்மையின் கோலமாக இருந்த நாட்டில் பொருந்தாது.

8. மொழிபெயர்ப்பாளர்க்குரிய நெறிகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நடைமுறை நெறிகளை வகுக்கலாம்.

(அ) படத்திலும் அதன் பின்புறத்திலும் உள்ள எழுத்தை மூலபாடமாகக் கொள்ளுதல் வேண்டும். பிழைகள், அடித்தல்கள், வட்டார வழக்குகள் ஆகியன மூலத்தில் உள்ளவாறே பதிவாகி, மொழிபெயர்ப்பு தனியே தரப்படவேண்டும்.

(ஆ) வரைந்தவர் எழுதிய குறிப்பு, ஆசிரியர் எழுதியது, தொகுப்பாளர் சேர்த்தது என மூன்றும் வேறுபடுத்திக் காட்டப்படவேண்டும்.

(இ) வரையுமாறு கூறப்பட்ட கட்டளைச் சொற்கள் கிடைக்குமாயின் அவையும் மொழிபெயர்க்கப்படவேண்டும். உன் வீட்டை வரை என்பதும் நீ இழந்த வீட்டை வரை என்பதும் ஒன்றல்ல.

(ஈ) வயது குறிக்கப்படவேண்டும். மொழிநடை அவ்வயதுக்கேற்ப அமையவேண்டும். பதினாறு வயதினரின் கூற்றை ஆறு வயதினரின் நடையில் தருவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

(உ) பெயரை வெளியிடுவதில் இருவகைக் கடமை உண்டு. கொல்லப்பட்டோரின் பெயர் நினைவைக் காக்கும். உயிரோடிருப்போரின் பெயர் அவர்க்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆகவே வாழ்வோரிடத்தில் அவர்தம் ஒப்புதலே முதலாவது.

9. முடிவுரை

ஓவியம் பொதுமொழி என்னும் கருத்து ஓரளவே உண்மை. தெரெசினில் தாளமும் கோடும் இரு மொழியினரை இணைத்தன. ஸ்பானியச் சிறாரின் விமானங்களை எந்நாட்டவரும் அடையாளம் காண்பர். ஆனால் படம் யாருடையது, எதனைக் காட்டுகிறது, எதற்காக வரையப்பட்டது என்பனவற்றைச் சொல்லே காத்துத் தந்துள்ளது. குறிப்புகள் நீக்கப்பட்ட இடங்களில் தலைப்பிட்டவரின் குரலே மிஞ்சியது. குறிப்பும் கையொப்பமும் எஞ்சிய இடங்களில், பல்லாண்டுகளுக்குப் பின்னரும் வரைந்தவரின் பெயரை அறிய முடிந்துள்ளது.

தமிழைப் பொறுத்தவரை, உளநலச் சொற்களை ஆக்குவதில் இலங்கைத் தமிழ் போர்க்காலத்தில் பெற்ற பட்டறிவு இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. ஆற்றுப்படுத்தல், மனவடு முதலிய சொற்கள் எந்தச் சூழலில் யாரால் பயன்பட்டன, பிள்ளைகள் அவற்றுக்கு ஈடாகத் தாம் எச்சொற்களை வழங்கினர் என்பன கள ஆய்வுக்குரியவை. 1996-இல் பூங்காவுக்கு வந்த பதின்பருவத்தினர் இன்று நடுவயதை எட்டியவர்கள். அவர்கள் வரைந்தவற்றைப் பற்றி அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்வதற்குக் காலம் இன்னும் உள்ளது. அப்பணி மொழியியலாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் நோக்கி நிற்கிறது.